மூன்றாந் தமிழுக்குப் பள்ளி வேண்டாவோ?

ஆண்டுதோறும் நாட்டின் பல இடைநிலைப் பள்ளிகளில் ஒரே காட்சி நடைபெறுகிறது. பரிசளிப்பு விழாவுக்கு இரண்டு வாரங்கள் இருக்கும்போது தமிழாசிரியர் ஒரு மாணவனைத் தேடிப் பிடிக்கிறார். குரல் வளமுடையவன், பக்கம் பக்கமாக வசனத்தை மனப்பாடம் செய்யக் கூடியவன், அவையைக் கண்டு அஞ்சாதவன். அவனிடம் ஒரு தாளைக் கொடுத்துச் சேரனாகவோ கட்டபொம்மனாகவோ நிற்கச் சொல்கிறார். விழா நாளில் கைதட்டல் எழுகிறது. தலைமையாசிரியர் முதுகில் தட்டிக் கொடுக்கிறார். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் சால்வை போர்த்துகிறார். "பள்ளியின் மானத்தைக் காத்தவன் இவன்" என்று மேடையிலேயே அறிவிக்கப்படுகிறது.

அதே மாணவன் ஐந்தாம் படிவத் தேர்வு முடிந்ததும் ஒரு விண்ணப்பப் பாரத்துடன் அதே ஆசிரியரிடம் வந்து, "ஐயா, நாடகத்தையே படிக்க விரும்புகிறேன், அரங்கத்திலேயே தொழில் செய்ய விரும்புகிறேன்" என்று சொல்லட்டும். மேடையில் புகழ்ந்த வாய் மறுகணம் மாறிவிடும். "நாடகம் சோறு போடுமா?" என்பது முதற்கேள்வி. "இதையெல்லாம் போய்ப் படிக்க வேண்டுமா?" என்பது இரண்டாவது. வீட்டிலோ மூன்றாவது கேள்வி காத்திருக்கிறது: "கூத்தாடியாகப் போகவா உன்னை வளர்த்தோம்?" வந்திருப்பது மாணவியாக இருந்தால் கேள்விகூட எழுவதில்லை, பாரம் மடித்து வைக்கப்படுகிறது.

நாடகம் மதிப்பற்றது என்றால் பரிசளிப்பு விழாவில் அதற்கு ஏன் அரை மணி நேரம்? மதிப்புடையது என்றால் அதைக் கற்க வந்தவனுக்கு ஏன் வழிமறிப்பு? இரண்டில் ஒன்றுக்கேனும் தமிழாசிரியர் உலகம் விடை சொல்லியாக வேண்டும்.

இயல், இசை, நாடகம் எனத் தமிழ் மூன்று என்று முழங்காத தமிழ் விழா இல்லை. மற்ற மொழிகளுக்கு இல்லாத பெருமை இது என்று சொல்லாத பேச்சாளரும் இல்லை. இயற்றமிழுக்குப் பள்ளிகளில் பாடவேளை இருக்கிறது. இசைக்குக் கோயில் வகுப்புகளும் தனி ஆசிரியர்களும் உண்டு. பிள்ளையை மாலையில் வயலின் வகுப்புக்கு அழைத்துச் செல்லும் தந்தையை யாரும் நகைப்பதில்லை. மூன்றாவது தமிழுக்கு இருப்பது பேச்சாளரின் மேற்கோள் மட்டுமே. எஸ்.பி.எம். தமிழ் இலக்கியத் தாளில் கவிதை, நாவல் ஆகியவற்றோடு நாடகமும் இடம்பெறுகிறது, உண்மைதான். ஆனால் அங்கு நாடகம் படிக்கப்படுகிறதே ஒழிய நடிக்கப்படுவதில்லை. கருப்பொருள் யாது, பாத்திரப் படைப்பு எத்தகையது, பின்னணி எது என்று வினாக்கள் வருகின்றன. வகுப்பில் ஒரு மாணவனேனும் எழுந்து நின்று அந்த உரையாடலைப் பேசிப் பார்க்காமலேயே முழுமதிப்பெண் பெற்றுவிட முடிகிறது. நீச்சலைப் பற்றி எழுதச் சொல்லிவிட்டுக் குளத்தையே காட்டாத கல்வி இது.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை இந்நாட்டுத் தமிழ் மாணவர் பலருக்குப் பெயரளவில் பழக்கமானது. "எழினி மூவகைப்படும், அவை யாவை?" என்று கேட்டால் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று ஒப்பிப்பார்கள். இளங்கோவடிகள் அக்காதையில் என்ன செய்கிறார் என்பதை ஆசிரியரே நின்று நோக்குவது குறைவு. அரங்கை அளக்கும் கோல் இருபத்து நான்கு விரல் அளவினது என்று அவர் வரையறுக்கிறார். அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். அரங்கப் பலகைக்கும் மேல் விதானத்துக்கும் இடையே நான்கு கோல். புகவும் வெளியேறவும் இரண்டு வாயில்கள். தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு நிறுத்தப்பட வேண்டும் என்பதையும் அவர் விடவில்லை. இன்றைய அரங்குகளில் ஒளியமைப்பாளர் என்று ஒருவர் ஊதியம் பெற்றுச் செய்கின்ற வேலையே இது. ஆடலாசிரியன் முதல் இசையோன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் வரை ஒவ்வொருவருக்கும் தகுதி வகுக்கப்படுகிறது. மாதவியோ ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில்தான் அரங்கேறுகிறாள்.

ஏழாண்டுப் பயிற்சி! இரண்டு வாரத்தில் நாடகம் தயாரித்து விடலாம் என்று நினைக்கும் விழாக் குழுவினர் இந்த ஓர் எண்ணை மட்டும் மனத்தில் கொண்டால் போதும். நாடகத்தைப் படிக்க வேண்டுமா என்ற கேள்விக்குத் தமிழின் முதற்காப்பியமே விடை தந்துவிட்டது. அதைப் பாடமாக நடத்துகின்றவரே அக்கேள்வியைக் கேட்பதுதான் வியப்பு. சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார் முறுவல், சயந்தம், செயிற்றியம், குணநூல் என்று பல நாடக நூல்களின் பெயரைச் சொல்கிறார். அவற்றுள் சில அவர் காலத்திலேயே இறந்துபட்டன. கற்பிப்பார் இன்றேல் நூலும் நிலைக்காது. அந்த இழப்பை உணர்ந்துதான் பரிதிமாற் கலைஞர் 1897-இல் 'நாடகவியல்' இயற்றினார். விபுலாநந்த அடிகள் 1926-இல் 'மதங்க சூளாமணி'யை வெளியிட்டார். ஷேக்ஸ்பியரையும் வடமொழி நாடக இலக்கணத்தையும் தமிழோடு வைத்து எண்ணிய நூல் அது. இவ்விருவரும் பேராசிரியர்கள், தமிழ் கற்பித்தவர்கள். நாடகம் தங்கள் தகுதிக்குக் குறைந்தது என்று அவர்கள் நினைக்கவில்லை.

இனி, கூத்தாடி என்னும் வசையை எடுத்துக் கொள்ளலாம். இவ்வசை பழையது. அதை முறித்தவரும் ஒரு மாணவரே. 1891-இல் சென்னைக்குப் பல்லாரியிலிருந்து சரச விநோதினி சபையார் வந்து தெலுங்கு நாடகங்கள் நடத்தினர். பல்லாரி கிருஷ்ணமாச்சார்யுலு என்னும் வழக்கறிஞர் அக்குழுவின் உயிர்நாடி. அந்நாடகங்களைப் பதினெட்டு வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் பார்த்தார். அதுவரை தமிழ் நாடகங்களை வெறுத்து ஒதுக்கியிருந்தவர்தாம் அவர். தம் நினைவுக் குறிப்புகளில் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். கற்றவர்கள் கூடித் தெலுங்கில் செய்வதைத் தமிழில் ஏன் செய்யக் கூடாது என்று அவர் எண்ணினார். அந்த ஆண்டே நண்பர் சிலரோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அம்மாணவரே பம்மல் சம்பந்த முதலியார். பின்னர் அவர் வழக்கறிஞரானார், நீதிபதியானார், தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். சி. பி. இராமசாமி ஐயர், சத்தியமூர்த்தி, ஆர். கே. சண்முகம் செட்டியார் போன்றோர் அச்சபையின் மேடையில் வேடமிட்டனர். நீதிபதியும் நிதியமைச்சரும் அரிதாரம் பூசிய பிறகு கூத்தாடி என்னும் சொல்லில் நஞ்சு எஞ்சியிருக்க நியாயமில்லை.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பார் மகிழ்ச்சியோடு குறுக்கிடுவர். "பார்த்தீர்களா? சம்பந்த முதலியார் சட்டம் படித்தார்; மாலையில் நாடகம் நடத்தினார். எங்கள் பிள்ளையும் அப்படியே செய்யட்டும். பட்டம் ஒன்று, பொழுதுபோக்கு ஒன்று." அவர்களுடைய வாதங்களுள் வலுவுள்ளது இதுவே, எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. கற்றோர் மேடையேறியதால் நாடகத்துக்கு மதிப்பு வந்தது. ஆனால் அந்த மதிப்புக்கு ஒரு விலையும் கொடுக்கப்பட்டது. அலுவலகம் முடிந்து வருவோரின் ஓய்வு நேரமே நாடகத்தின் நேரம் என்றாகிவிட்டது. ஒத்திகை என்பது வசனம் பார்த்துக் கொள்வது. உடற்பயிற்சி இல்லை, குரற்பயிற்சி இல்லை. பிற்காலச் சபா நாடகங்களில் நான்கு நாற்காலியும் ஒரு தொலைபேசியும் வைத்துத் துணுக்குகளைத் தொடுத்துப் பேசும் வழக்கம் வளர்ந்ததற்கு இது முக்கியமான காரணம். மாலைநேரக் கலை மாலைநேர அளவுக்குத்தான் வளரும். மாலைநேர மருத்துவரிடம் எவரும் அறுவை செய்துகொள்வதில்லை.

சம்பந்த முதலியாருக்கு மறுபக்கத்தில் நின்றவர் சங்கரதாஸ் சுவாமிகள். அவருக்கு நாடகம் பொழுதுபோக்கன்று, முழு வாழ்வு. 1918-இல் மதுரையில் அவர் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்களே நடிகர்கள். தி. க. சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. அச்சிறுவனுக்கென்றே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதைச் சண்முகமே பதிவு செய்திருக்கிறார். பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட இத்தகைய குழுக்களில் சிறுவர்கள் பாடக் கற்றனர், தமிழ் உச்சரிப்பில் தேர்ந்தனர், நின்று பேசவும் நடந்து காட்டவும் ஆண்டுக் கணக்கில் பழகினர். எம். ஜி. இராமச்சந்திரன் சுமார் ஏழு வயதில் அப்படியொரு கம்பெனிக்குப் போனவர். சிவாஜி கணேசனும் சிறு வயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்து பல்லாண்டு பயின்றவர். 'சிவாஜி' என்னும் பட்டமே 1946-இல் அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்ததைப் பார்த்துப் பெரியார் சூட்டியது. "நடிப்பு பிறவியிலேயே வர வேண்டும், படித்து வருவதன்று" என்று சொல்பவர் வீட்டுச் சுவரில் இவ்விருவரில் ஒருவரின் படம் தொங்கக் கூடும்.

அக்கம்பெனிகள் சொர்க்கமல்ல. அடி விழுந்தது, பள்ளிக் கல்வி பறிபோனது, குரல் உடைந்த பையன் வேடமிழந்து நின்றான். அக்காலம் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அங்கிருந்த பயிற்சியை எடுத்துக்கொண்டு, அங்கிருந்த கொடுமையை விலக்கினால் எஞ்சுவது எது? நாடகக் கல்லூரி. வேறு பெயர் அதற்கில்லை.

இந்தியா இந்த உண்மையை 1959-இல் ஏற்றுத் தில்லியில் தேசிய நாடகப் பள்ளியை நிறுவியது. இலண்டனில் பயின்ற இப்ராகிம் அல்காஜி 1962 முதல் 1977 வரை அதன் இயக்குநராக இருந்தார். நசீருதீன் ஷாவும் ஓம் புரியும் அவர் காலத்து மாணவர்களே. அங்குப் பயின்று திரும்பிய சே. இராமானுஜம் 1977-இல் காந்திகிராமத்தில் நடந்த நீண்ட பயிற்சிப் பட்டறைக்கு உழைத்தார். பின்னர்த் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தார். அதே 1977-இல் ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்தைப் பார்த்து, தமிழ் நாடகத்துக்கு வேர் அங்கே இருக்கிறது என்று கண்டுகொண்டவர் அவர். மாலைநேர நாடகத்தால் மனநிறைவடையாதவர்கள் செய்த வேலைகள் இவை.

அது இந்தியா, பெரிய நாடு என்று ஒதுக்குவோர்க்குக் கடற்பாலத்துக்கு அப்பால் உள்ள சான்றே போதும். குவோ பாவ் குன் 1939-இல் சீனாவில் பிறந்து, சிறுவயதில் சிங்கப்பூருக்கு வந்தவர். வானொலியில் பணியாற்றிச் சம்பாதித்தவர். கையில் இருந்த தொழிலே போதும் என்று அவர் அமர்ந்துவிடவில்லை. 1963-இல் சிட்னியில் உள்ள நாடகக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார். திரும்பி வந்ததும், நடனக் கலைஞரான தம் மனைவி கோ லே குவானோடு 1965-இல், சிங்கப்பூர் தனி நாடான அதே ஆண்டில், கலைப் பள்ளியொன்றைத் தொடங்கினார். 1976 முதல் 1980 வரை விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டிருந்தார். வெளியே வந்த பிறகும் நாடகத்தை விடவில்லை. 1988-இல் அவருடைய குழு மேடையேற்றிய நாடகம், தொலைந்த பூனையைத் தேடி அலையும் ஒரு தாயைப் பற்றியது. ஹொக்கியன் மட்டுமே அறிந்த அத்தாய் வழியில் முதியவர் ஒருவரைச் சந்திக்கிறாள். அவரும் பூனையைத் தேடுகிறார். அவர் பேசுவது தமிழ். ஒருவர் மொழி மற்றவர்க்குப் புரியாது. கையசைவாலும் ஒலியாலும் இருவரும் ஒருவர் துயரை ஒருவர் அறிந்து கொள்கிறார்கள். பெற்ற பிள்ளைகளிடம் பேச முடியாத தாய்க்குத் தமிழ் முதியவரிடம் பேச முடிகிறது.

இக்காட்சியைத் தமிழாசிரியர்கள் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் நாடக வரலாற்றில் அடிக்கடி நினைவுகூரப்படும் அக்காட்சியில் தமிழ் ஒலிக்கிறது. அந்த முதியவராக நிற்பதற்குப் பயின்ற தமிழ் நடிகர் தேவை. அத்தகையவரை உருவாக்கும் பொறுப்பு யாருடையது? சீன நாடக ஆசிரியர் தமிழுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். நிற்க ஆளனுப்ப வேண்டியது தமிழ்ச் சமுதாயம்.

குவோவும் தி. சசிதரனும் 2000-இல் தொடங்கிய நாடகப் பயிற்சித் திட்டம் இப்போது பண்பாட்டிடை நாடகக் கழகமாக நடந்து வருகிறது. மூன்றாண்டுப் படிப்பு. சீனாவின் பீக்கிங் இசைநாடகம், ஜப்பானின் நோ, இந்தோனேசியாவின் வாயாங் வோங், கேரளத்தின் கூடியாட்டம் ஆகியவற்றை மாணவர்கள் பயில்கிறார்கள். கூடியாட்டம் அங்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? சாக்கியார் குடும்பங்களுக்குள்ளேயே அடங்கிக் கிடந்த கலை அது. 1965-இல் கேரள கலாமண்டலம் அதற்கெனத் துறை ஒன்றை ஏற்படுத்தி, பைங்குளம் ராம சாக்கியாரை ஆசிரியராக்கியது. குடும்பச் சொத்து பாடத்திட்டம் ஆயிற்று. பாடத்திட்டம் ஆனதால் கடல் கடந்தது. தெருக்கூத்துக்கு அந்த நல்வினை அதே அளவில் வாய்க்கவில்லை. மலேசியத் தோட்டங்களில் ஒருகாலத்தில் விடிய விடியக் கூத்து நடந்தது. வாத்தியார் ஒருவர் பாரதக் கதை முழுவதையும் நெஞ்சில் வைத்திருந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டன; மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தனர்; அந்த வாத்தியாருக்கு மாணவன் கிடைக்கவில்லை. அவர் நெஞ்சில் இருந்தது அவரோடு போயிற்று. அவரிடம் கற்றுக்கொள்ள விரும்பிய சிறுவன் ஒருவன் அந்த லயத்திலேயே இருந்திருக்கக் கூடும். "போய்ப் பாடத்தைப் படி" என்று யாரோ அவனை விரட்டியிருக்கக் கூடும்.

மலேசியாவில் படிக்க இடமே இல்லை என்பதும் சாக்கு. 1969-இல் பினாங்கில் தோன்றிய அறிவியல் பல்கலைக்கழகம் எழுபதுகளிலேயே நாடகத்தைப் பட்டப்படிப்பின் பாடமாக்கிவிட்டது. 1994-இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்டு இன்று அஸ்வாரா என அழைக்கப்படும் தேசியக் கலைக்கழகம் மாக் யோங், பங்சவான் முதலியவற்றை மரபுக் கலைஞர்களைக் கொண்டே கற்பிக்கிறது. அங்குப் பாடமொழி மலாய்தானே என்று சிலர் தயங்குகின்றனர். பங்சவானின் பிறப்பை அறிந்தால் தயக்கம் தீரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களைக் கண்டு மலாய்க்காரர்கள் ஆக்கிக்கொண்ட வடிவம் அது. அன்று அவர்கள் பிறமொழி நாடகத்தைப் பார்த்துத் தங்கள் மொழியில் ஒன்றைப் படைத்தார்கள். சம்பந்த முதலியார் தெலுங்கைப் பார்த்துத் தமிழில் படைத்தார். மலாயில் கற்றுத் தமிழில் படைக்க ஒரு மாணவனால் முடியாது என்று யார் சொன்னது? மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த கிருஷன் ஜித் மலாய் நாடகத்தின் முதன்மையான திறனாய்வாளராகவும் இயக்குநராகவும் விளங்கினார். 1984-இல் ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டரைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர். இந்திய வமிசாவளியினர் இந்நாட்டின் அரங்கத்துக்கு அந்நியர் அல்லர்.

சோற்றுக் கேள்வி எஞ்சியிருக்கிறது. அதைக் கேலியால் கடந்துவிட முடியாது. இரப்பர்ப் பால் மரத்தடியில் முதுகு வளைந்தோரின் பேரப்பிள்ளைகள் படிக்கும் காலம் இது. மாதம் தவறாத ஊதியத்தைப் பெற்றோர் கனவு காண்பதில் குற்றம் இல்லை. நாடகம் படித்தவன் செல்வனாவான் என்று எவரும் உறுதி தர இயலாது. முதல் சில ஆண்டுகள் இடர்ப்படுவான். இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்தே பிழைப்பான். இதை மாணவனிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் அவன் முன் மூடிய கதவுகள் மட்டுமே இருப்பதாகச் சொல்வது பொய். வானொலி மின்னல் பண்பலைக்கும் ஆஸ்ட்ரோ வானவில்லுக்கும் சிங்கப்பூர் வசந்தத்துக்கும் குரலும் உடலும் பயின்றவர் வேண்டும். ஒளி, ஒலி, அரங்கமைப்பு, மேடை நிர்வாகம் என்பன ஊதியம் தரும் தொழில்கள்; தமிழர் நடத்தும் கலைவிழாக்களே இவ்வேலைகளுக்குப் பிறரை அமர்த்திப் பணம் கொடுக்கின்றன. அப்பணம் தமிழ் மாணவன் கைக்குப் போகாததற்கு அவன் படிக்காததே காரணம். படிக்காததற்கு அவனைத் தடுத்தவரே காரணம். இன்னொன்றும் உண்டு. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இந்நாட்டில் இயங்குகின்றன. அவற்றில் நாடகத்தை முறையாகப் பயின்ற ஆசிரியர் ஆளுக்கொரு வட்டாரத்தைப் பார்த்துக் கொண்டாலே எத்தனை பேருக்குப் பணி இருக்கும் என்பதை ஆசிரியர் சங்கங்கள் கணக்கிட்டுக் கேட்டிருக்கலாமே! இசைக்கும் ஓவியத்துக்கும் பாடவேளை கேட்கத் தெரிந்த நாவுக்கு நாடகம் என்று சொல்ல வரவில்லை.

பெண் குழந்தைகளைப் பற்றித் தனியே ஒன்று. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களையே கொண்ட நாடகக் குழுவை நடத்தி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. அவரை அன்று ஊரார் பழித்தனர். பழித்தவர்களே அனுமதிச் சீட்டு வாங்கிச் சென்றும் பார்த்தனர். இன்றும் அதே இரட்டை நாக்கு வழங்குகிறது. பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடித்து, அழைப்பிதழ் அச்சிட்டு, ஊரைக் கூட்டும் குடும்பம், அதே மகள் நாடகம் என்றவுடன் முகம் சுளிக்கிறது. மாதவி அரங்கேறியதும் அரங்கில்தான்.

தமிழாசிரியர் செய்யக் கூடியது பெரிதன்று. ஆனால் அவர் ஒருவரால் மட்டுமே முடிவது. திரைப்பட வசனத்தைப் படியெடுத்துக் கொடுத்து ஒலிபெருக்கியைச் சுற்றி ஐந்து பேரை வட்டமாக நிறுத்துவதை அவர் கைவிட வேண்டும். (ஒலிபெருக்கி நாடகத்தின் தலைவன் போல நடுவில் நிற்க, மன்னனும் மந்திரியும் முறை வைத்து அதனிடம் வந்து பேசிச் செல்லும் காட்சி எத்தனை விழாக்களில் நடந்திருக்கிறது!) தமிழ்மொழிக் கழகத்துக்கு வாரம் ஒரு மணி நேரம் இருக்கிறது. அதில் இலக்கியப் பாடநூலின் ஒரு காட்சியை மாணவர்கள் எழுந்து நின்று நடித்துப் பார்க்கலாம். குரல் எட்டவில்லையெனில் ஏன் எட்டவில்லை என்று ஆராயலாம். தாம் அறியாததை அறிந்தவரை அழைத்து வரலாம்; சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் தமிழ் நாடகக் குழுக்கள் உயிரோடு இருக்கின்றன.

அதற்கும் முன்னால், அந்த விண்ணப்பப் பாரம். அதனுடன் வந்து நிற்கும் மாணவனைத் தேர்வாளர் முன் நடித்துக் காட்டச் சொல்வார்கள். ஐந்து நிமிடக் காட்சி ஒன்றை அவன் ஆயத்தம் செய்ய வேண்டும். சேரனின் வீர வசனம் அங்கு உதவாது. மெல்லப் பேசவும், பேசாமல் நிற்கவும் தெரிய வேண்டும். அதற்கு ஒரு துணையாசிரியரும், பள்ளி முடிந்தபின் ஒரு மாதத்துக்கு ஓர் இடமும் அவனுக்குத் தேவை. பள்ளி மண்டபம் மூன்று மணிக்கு மேல் காலியாகத்தான் கிடக்கிறது. சாவி அலுவலகத்தில் இருக்கிறது.